வேறு வழியாய் வீடு திரும்பியவர்



சென்ற இதழில் நம் இல்லங்களில் குன்றி வரும் மாலைச் செபத்தைக் குறித்து உங்களோடு உரையாடினோம். இம்மாதம் ஓட்டப் பயிற்சியைக் குறித்து எழுத முற்பட்டுள்ளோம். பங்குக் குருவுக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தால் நாம் செய்த பிழையொன்றையும், அதனின்று கற்ற பாடத்தையும் மறைக்காமல் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். தொடர்புடைய குடும்பத்தாரின் இசைவு பெற்றே எழுதுகிறோம். அவர்தம் பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறோம்.

சென்னை கே.கே. நகரில் வாழ்வோர் அறிவர்: வைகறை நான்கரை மணிக்கே அங்குத் தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. பால் கொண்டு செல்லும் வண்டிகள் ஒருபுறம், சிவன் பூங்காவை நாடி நடப்போர் ஒருபுறம், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வரிசையில் முந்தி நிற்க விரையும் தொழிலாளர் குடும்பங்கள் மற்றொரு புறம். இவர்களுக்கிடையே அண்மை ஆண்டுகளில் ஓடுவோர் கூட்டமும் பெருகிவிட்டது. இவர்கள் விளையாட்டை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அலுவலகம் செல்வோர், கடை நடத்துவோர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார் ஆகியோரே. 'சென்னை ரன்னர்ஸ்' என்னும் அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் சென்னை மாரத்தானே இவர்களிற் பலருக்குக் குறிக்கோள். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் கொண்ட நெடுந்தொலை ஓட்டம். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியின்போது வின்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த மாடத்தின் முன்பு வரை அளந்த தூரமே பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிறு. காலை ஆறு மணிப் பூசைக்கு இரண்டாம் மணி அடிக்கும் நேரம். நாம் கோயில் வாயிலில் நின்றிருந்தோம். வண்ணச் சட்டை அணிந்த ஐந்தாறு பேர் வியர்வை சொட்ட நம்மைக் கடந்து ஓடினர். அவருள் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். நம்மைக் கண்டதும் தலை தாழ்த்தி வணக்கம் கூறிவிட்டு ஓடிப் போனார். அவர் நான்கு ஞாயிறுகளாகப் பூசையில் தென்படவில்லை என்பது நம் நினைவுக்கு வந்தது. உள்ளத்தில் ஒரு முள் தைத்தது.

அன்றைய பிரசங்கத்தில் அந்த முள்ளை நாம் பிறர் மீது எறிந்தோம். "கோயில் வாசல் வரை ஓடி வரத் தெரிகிறது, உள்ளே வந்து முழந்தாளிட மட்டும் சிலருக்குக் கால் வலிக்கிறது. பண்டைக் காலத்தவர் பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கினர், நம் காலத்தவர் தம் உடலையே வணங்குகின்றனர்" என்றோம். மக்கள் சிரித்தனர். பிரசங்கத்துக்கு மக்கள் சிரித்தால் குருவுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி உண்டு, அதை மறுப்பானேன்? ஆயினும் மூன்றாம் வரிசையில் இரு பிள்ளைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாய் சிரிக்கவில்லை. அவரே அந்த ஓட்டக்காரரின் துணைவியார். அடுத்த ஞாயிறு அவர் இருக்கையும் காலியாயிருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மாலை அவ்வம்மையார் பங்கு இல்லத்துக்கு வந்தார்.

"ஃபாதர், என் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கே ஆயிரம் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறார். பிள்ளைகளின் பாடம், கடைக்குப் போவது, அத்தையை மருத்துவரிடம் அழைத்துப் போவது எல்லாம் என் தலையில். ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு வந்து மதியம் முழுதும் தூங்குகிறார். வீட்டில் பேச்சே இல்லை. இவற்றையெல்லாம் நான் சொல்லலாம். ஆனால் நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நாம் வாயடைத்து நின்றோம். அவர் தொடர்ந்தார்.

"அவர் உடம்பைக் கும்பிடவில்லை, ஃபாதர். பயத்தினால் ஓடுகிறார்."

அதன்பின் அவர் கூறியவை இவை: அவர் கணவருக்கு அப்போது வயது 47. அவருடைய தந்தை 52-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தவர். இரண்டாண்டுகளுக்கு முன் நம் கோயில் வளாகத்திலேயே நடந்த மருத்துவ முகாமில் இவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிய வந்தது. அன்று முதல் சிவன் பூங்காவில் நடக்கத் தொடங்கினார். நடை ஓட்டமாயிற்று. பத்துக் கிலோமீட்டர் ஓடினார். பிறகு அரை மாரத்தான் முடித்தார். இப்போது முழு மாரத்தானுக்குப் பயிற்சி பெறுகிறார். அவர் தம் ஓட்டக் கணக்கை எழுதி வைக்கும் குறிப்பேட்டை ஒருநாள் தற்செயலாகப் புரட்டிய மனைவி, அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் ஆண்டு மட்டும் தனியே எழுதி அடிக்கோடிடப்பட்டிருப்பதைக் கண்டார். அது அவர்தம் இளைய மகள் கல்லூரிப் படிப்பை முடிக்கும் ஆண்டு.

"அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமென்று ஓடுகிறார். ஆனால் அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்று கூறி அந்த அம்மையார் கண்ணீர் விட்டார்.

வாசகர்களே, அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குருமாணவராயிருந்த நாளில் நாம் படித்த புனித சின்னப்பரின் வரிகளே நம்மைக் குற்றஞ்சாட்டின. இன்று பவுல் என வழங்கப்பெறும் அத்திருத்தூதர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாளுகிறார். அதை அவர் கற்பனையாகப் புனையவில்லை. கொரிந்து நகரின் அருகே இஸ்துமியா என்னுமிடத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடைபெற்றது. வென்றவர்க்கு அளிக்கப்பட்டது பொன்னன்று. தழையால் புனைந்த மாலையே. வாடிப்போகும் அந்த மாலைக்காகவே வீரர்கள் பல மாதம் உணவையும் உறக்கத்தையும் ஒறுத்துப் பயின்றனர். கூடாரம் செய்து பிழைத்த சின்னப்பர், விழாவுக்குத் திரண்ட கூட்டத்திடையே தம் தொழிலை நடத்தியிருக்கக் கூடுமென்று அறிஞர் சிலர் கருதுவர். அப்பகுதியின் இறுதியில் அவர் தமக்குத்தாமே ஓர் எச்சரிக்கை கூறிக்கொள்கிறார்: பிறருக்குப் போதித்த தாமே தகுதியற்றவராய்த் தள்ளப்படலாகாது என்பதே அது. அந்த எச்சரிக்கை ஓடுகிறவருக்கு அல்ல, போதிக்கிறவருக்கு உரியது. நாம் அதைப் பலமுறை வாசித்திருந்தும் அன்றுதான் கேட்டோம்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சிவன் பூங்காவுக்குச் சென்றோம். அவர் அங்கே இருந்தார். நம்மைக் கண்டு திகைத்து நின்றார். "தம்பி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்தோம்" என்றோம். அவர் பதறிப்போய், "ஐயோ, ஃபாதர், தப்பு என் மேல்தான். பூசைக்கு வராதது தப்புத்தானே?" என்றார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. அதனால் இருவரும் பூங்காவைச் சுற்றி நடந்தவாறே ஒரு மணி நேரம் பேசினோம். அன்று அவர் நமக்கு ஆசிரியர், நாம் மாணவர்.

மாரத்தான் பயிற்சி என்றால் நாள்தோறும் மூச்சு வாங்க ஓடுவதென்று நாம் எண்ணியிருந்தோம். அவர் விளக்கியது முற்றிலும் வேறாயிருந்தது. அவருடைய பயிற்சி 17 வாரம். 2024 செப்டம்பர் 8, அன்னை வேளாங்கண்ணியின் திருநாளன்று தொடங்கி, 2025 சனவரி 5 அன்று ஓட்டத்தில் முடியும். வாரத்தில் நான்கு நாள் மட்டுமே ஓட்டம். அவற்றுள் மூன்று நாள் ஆறு முதல் பத்துக் கிலோமீட்டர் வரை. ஞாயிறன்று மட்டும் நெடிய ஓட்டம். முதல் ஞாயிறு பதினான்கு கிலோமீட்டர். மூன்று வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். நான்காம் வாரம் இறக்கிவிட வேண்டும். உடலுக்கு அந்த இறக்கம் இன்றியமையாதது. ஆர்வ மிகுதியால் ஒரே வாரத்தில் பெருந்தூரம் கூட்டுவோர் முழங்காலிலோ குதிகாலிலோ நோவு கண்டு நின்றுவிடுகின்றனர்.

நமக்கு வியப்பளித்தது மற்றொரு விதி. பயிற்சி ஓட்டத்தின் பெரும்பகுதி மெதுவாகவே இருத்தல் வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுபவரோடு தடையின்றி உரையாடும் அளவுக்கு. பேச்சு தடைப்பட்டால் வேகம் மிஞ்சிவிட்டது என்று பொருள். "வேகமாக ஓடுவது எளிது, ஃபாதர். மெதுவாக ஓடக் கற்கத்தான் எனக்கு ஒரு வருடம் ஆயிற்று" என்றார் அவர்.

ஓய்வைப் பற்றியும் அவ்வாறே. ஓடும்போது தசைகள் வலுப்பெறுவதில்லை, சிதைவே அடைகின்றன. ஓய்விலும் உறக்கத்திலுமே அவை சீரடைந்து முன்னிலும் உறுதி பெறுகின்றன. ஓய்வு நாளைப் புறக்கணிப்பவர் உழைப்பின் பயனை இழக்கிறார். இதைக் கேட்டபோது, ஏழாம் நாளை ஓய்வு நாளாக வகுத்த இறைவனின் ஞானத்தை எண்ணி வியந்தோம்.

நம் சென்னையில் ஓடுவதற்கென்றே சில இடர்கள் உண்டு. காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிடில் உடல் தணிவதில்லை. ஆகவே கதிரவன் எழுமுன் ஓடி முடிக்க வேண்டும். நீர் அருந்தாவிட்டால் மயக்கம் வரும். உப்பின்றி வெறும் நீரையே அளவுக்கு மேல் அருந்தினாலும் குருதியில் உப்பின் அளவு குன்றி உயிருக்கே ஊறு நேரலாம். போதாக்குறைக்குத் தெருநாய்கள், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளங்கள். அவருடைய நெடிய ஓட்டத்தின் வழியையும் கூறினார்: அசோக் தூண், காசி திரையரங்கு, ஈக்காட்டுத்தாங்கல் பாலம், கிண்டி, சர்தார் படேல் சாலை, அடையாறு, பெசன்ட் நகர். ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தின் வாயிலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஓடுவாராம். "ஒவ்வொரு முறையும் அங்கே ஓர் அருள் நிறைந்த மரியே சொல்வேன், ஃபாதர்" என்றார். நாம் மறுமொழி கூறவில்லை. ஆகஸ்டு மாதத்தில் காவியுடுத்தி, காலில் கொப்புளத்தோடு நாகைக் கடற்கரை வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் மக்களை நாம் நம் கையாலேயே ஆசீர்வதித்து அனுப்புகிறோம். இவரை மட்டும் சிலை வணக்கம் செய்பவர் என்றோமே!

குருத்துவக் கல்லூரியில் கிரேக்கம் சிறிது பயின்றோர்க்கு 'அஸ்கேசிஸ்' என்ற சொல் தெரிந்திருக்கும். இன்று அதனைத் தவமுயற்சி, ஒறுத்தல் என்ற பொருளில் ஆளுகிறோம். ஆயினும் கிரேக்கரிடையே அது பயிற்சியையே குறித்தது. விளையாட்டு வீரரின் பயிற்சியும் அதனுள் அடங்கும். பாலைநிலத்துத் துறவியர் அச்சொல்லைத் திடலிலிருந்து எடுத்துத் தம் குடிசைக்குக் கொண்டு சென்றனர். புனித இஞ்ஞாசியாரும் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கத்திலேயே, நடப்பதும் ஓடுவதும் உடற்பயிற்சியாவது போலச் செபமும் ஆன்மச் சோதனையும் ஆன்மாவுக்குப் பயிற்சி என்று ஒப்பிடுகிறார். நம் காலத்தில் வத்திக்கானிலேயே 'அத்லெத்திக்கா வத்திக்கானா' என்ற விளையாட்டுச் சங்கம் 2019-இல் முறையாகத் தொடங்கப்பெற்றது. அங்குப் பணியாற்றும் குருக்களும் காவலரும் ஊழியரும் அதன் பெயரால் நெடுந்தொலை ஓட்டங்களில் ஓடுகின்றனர். ஆதலின் ஓட்டம் தன்னளவில் பக்திக்குப் பகையன்று. பகை எதுவென்று பின்னர்ச் சொல்வோம்.

பொதுவில் செய்த பிழைக்குப் பொதுவிலேயே பரிகாரம் தேட வேண்டும் என்பது அறநெறி நூல்கள் கற்பிக்கும் பாடம். அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில் நின்று, "மூன்று வாரத்துக்கு முன் இவ்விடத்தில் ஒருவரை நகைத்துப் பேசினோம். அவர் நிலையைக் கேட்டறியாமல் பேசினோம். அது தவறு" என்றோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. பூசை முடிந்தபின் முதியவர் ஒருவர் வந்து நம் கையைப் பற்றி ஒன்றும் பேசாமல் சென்றார்.

ஆயினும் மன்னிப்போடு கதை முடிந்துவிடவில்லை. அந்த அம்மையார் கூறிய குறைகள் அப்படியே இருந்தன. கணவனையும் மனைவியையும் ஒருங்கே அழைத்துப் பேசினோம். பூசையின் காரியம் எளிதில் தீர்ந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் சட்டம், ஞாயிறன்றோ அதற்கு முந்திய நாள் மாலையிலோ திருப்பலியில் பங்குபெறுவோர் தம் கடமையை நிறைவேற்றியவராவர் என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே பயிற்சி முடியும் வரை சனி மாலைப் பூசைக்குக் குடும்பமாக வருவதென முடிவாயிற்று. சோம்பலுக்கு இச்சட்டத்தைப் போர்வையாக்க வேண்டாமென மற்ற வாசகர்களையும் எச்சரிக்கிறோம்.

வீட்டுக் காரியமே கடினமாயிருந்தது. "நீங்கள் எதற்காக ஓடுகிறீர்கள் என்று இவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டோம். அவர் தலை குனிந்தார். "சொன்னால் இவள் பயப்படுவாள், ஃபாதர்." அம்மையார் உடனே, "சொல்லாததால் நான் தனியாகப் பயப்படுகிறேன்" என்றார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. சில வேளைகளில் குரு பேசாதிருப்பதே நலம்.

அன்பர்களே, பகை எது என்றோமே, அது இதுதான். குடும்பத்துக்காக ஓடுகிறேன் என்று புறப்படுகிறவர், குடும்பத்தை விட்டு ஓடிக்கொண்டிருக்கக் கூடும். ஓட்டம் மட்டுமா? பிள்ளைகளுக்காகச் சம்பாதிக்கிறேன் என்று வளைகுடா நாட்டில் இருபதாண்டு கழித்து, பிள்ளைகளின் முகமறியாது திரும்பும் தந்தையர் உண்டு. பங்கின் நலனுக்காகவே சங்கம் சங்கமாக அலைந்து, வீட்டில் சமையல் தீயை மறந்தோரும் உண்டு. மக்களுக்காகவே உழைக்கிறோம் என்று கூறிக்கொண்டு மக்களின் துயரைக் கேட்க நேரமின்றிப் பிரசங்கம் எழுதும் குருக்களும் உண்டு. அவருள் நாமும் ஒருவர். நோக்கம் நல்லதாயிருந்தால் போதாது. அந்நோக்கத்தை அன்புக்குரியவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் மிஞ்சிவிட்டது என்ற விதி ஓட்டத்துக்கு மட்டும் உரியதன்று.

அவர்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு எளியது. வாரம் இரு மாலை பிள்ளைகளின் பாடம் அவர் பொறுப்பு. மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அவர் பொறுப்பு. ஞாயிறன்று ஓடி வந்து உறங்குவது ஒரு மணி நேரம் மட்டும்; பகலுணவு அனைவரும் ஒன்றாக. ஓட்டக் குறிப்பேடு இனி எல்லோரும் காணும்படி சாப்பாட்டு மேசையில் இருக்கும்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தது. சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. நகரின் தாழ்ந்த தெருக்களில் நீர் தேங்கி நின்றது. மறுநாள் ஞாயிறு, அவர் இருபத்தெட்டுக் கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். ஓடவில்லை. தம் குடியிருப்பின் தரைத்தளத்தில் தனியே வாழும் முதிய தம்பதியரின் வீட்டிலிருந்து மகனோடு சேர்ந்து நீரை வாளி வாளியாய் இறைத்தார். அன்றைய குறிப்பேட்டில் '0 கி.மீ.' என்று எழுதினார். அதன் கீழே அம்மையார் பென்சிலால், 'இன்றுதான் நல்ல பயிற்சி' என்று எழுதி வைத்தார். அதை அவரே நம்மிடம் கொண்டு வந்து காட்டினார்.

டிசம்பர் 15 அன்று முப்பது கிலோமீட்டர். கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மகன் தண்ணீர்ப் புட்டியோடு மிதிவண்டியில் உடன் வந்தான். அதன்பின் மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். உழைத்தவர்க்கு இந்த மூன்று வாரமே பெருஞ்சோதனை; கால் துடிக்கும், மனம் ஐயுறும். அவ்வோய்வில் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அவ்வாண்டு அவர் குடில் கட்டும் வேலையில் பங்கெடுத்தார்.

2025 சனவரி 5, ஞாயிறு. அன்று மூன்று அரசர்கள் திருநாள். விடிவதற்கு முன் நேப்பியர் பாலத்தருகே ஓட்டம் தொடங்கியது. முதல் முப்பது கிலோமீட்டர் கணக்குப் படியே சென்றதாம். அதன்பின் வந்தது ஓட்டக்காரர் 'சுவர்' என்று கூறும் நிலை. தசைகளிலும் ஈரலிலும் உடல் சேமித்து வைத்த மாவுச்சத்து ஏறத்தாழ அத்தூரத்தில் தீர்ந்துவிடுகிறது. கால்கள் ஈயமாய்க் கனக்கின்றன. அவர் நடந்தார், சிறிது ஓடினார், மீண்டும் நடந்தார். முடித்தபோது ஐந்து மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கானோர் முடித்துவிட்டிருந்தனர். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மனைவி அவரிடம் கேட்ட முதற்கேள்வி, "சர்க்கரை பார்த்தீர்களா?" என்பதே.

அன்று மாலைப் பூசைக்கு அவர் வந்தார். சனி மாலையே கடமையை நிறைவேற்றியவர். வர வேண்டிய கட்டாயம் இல்லை. படிகளில் பக்கவாட்டாக, ஒவ்வொன்றாய் இறங்கியும் ஏறியும் வந்து கடைசி இருக்கையில் அமர்ந்தார். முழந்தாளிட முடியவில்லை. ஞானியர் குழந்தையைக் கண்டபின் வேறு வழியாய்த் தம் நாடு திரும்பினர் என்ற நற்செய்திப் பகுதியை அன்று நாம் வாசித்தபோது, நம் கண்கள் அவரிருந்த இடத்துக்குச் சென்றன. பிரசங்கத்தில் அவரைக் குறித்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதற்குள் அவ்வளவேனும் கற்றிருந்தோம்.

இதைப் படித்துவிட்டு ஓட விழைவோர் சிலர் இருக்கக்கூடும். அவர்க்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கட்சி வேற்றுமையை ஒதுக்கி வைத்துக் கூறுகிறோம்: 2006 முதல் 2011 வரை சென்னை மேயராகவும், 2021-இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்ற திரு. மா. சுப்பிரமணியன் அவர்கள், சாலை விபத்தில் முழங்கால் முறிந்தவர். சர்க்கரை நோயும் உடையவர். ஐம்பது வயதை ஒட்டியே ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங் என்ற பெரியவர் மகனை இழந்த துயரிலிருந்து மீள ஓட்டத்தை நாடி, எண்பது வயதைக் கடந்தபின் இலண்டனில் மாரத்தான் ஓடினார். 2025 சூலையில் தம் சிற்றூர் அருகே வாகனம் மோதி இறக்கும் வரை அவர் பலருக்கு ஊக்கமாயிருந்தார். 1976 மாந்திரீயல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடம் பெற்ற நம் நாட்டு வீரர் சிவ்நாத் சிங், 1978-இல் சலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி நாட்டிய தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது. ஏழைக் குடும்பத்துப் படைவீரரான அவர் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். ஆகவே செல்வர்க்கே உரியது ஓட்டம் என்று எண்ண வேண்டா.

ஆயினும் எச்சரிக்கை தேவை. நாற்பதைக் கடந்தோர் மருத்துவரிடம் இதயத்தையும் குருதியழுத்தத்தையும் சோதித்த பின்னரே தொடங்குக. சர்க்கரை நோயாளர் ஓடும்போது குருதியில் சர்க்கரை திடீரெனக் குறையலாம். ஆகையால் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு, குளுக்கோசைப் பையில் வைத்துக்கொள்க. நாள்தோறும் பாதங்களைப் பார்த்துப் புண்ணோ கொப்புளமோ இருந்தால் ஓட்டத்தை நிறுத்துக. மார்பில் இறுக்கம் கண்டால், வெட்கப்படாமல் நின்று உதவி கேட்க. நடையில் தொடங்குக, பல மாதம் நடந்தபின் ஓடுக. எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்காக ஓடுகிறீர் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஓடுக.

ஓடாதோர்க்கும் ஒரு சொல். கோயிலுக்கு வராத ஒருவரைக் கண்டால், ஏன் வரவில்லை என்று முதலில் அவரிடமே கேளுங்கள். இதை எழுதும் நமக்குத்தான் இந்த அறிவுரை முதலில் உரியது. இப்போதெல்லாம் நாமும் மருத்துவரின் சொற்படி வாரம் நான்கு நாள் சிவன் பூங்காவில் நடக்கிறோம். அவர் நம்மைக் கடந்து ஓடும்போது வேகத்தைக் குறைத்து, "பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, ஃபாதர்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

குறிப்பேட்டில் அடிக்கோடிட்ட அந்த ஆண்டு வர இன்னும் காலம் இருக்கிறது. அந்நாளில் அவர் தம் மகளின் பட்டமளிப்பு விழாவில் மனைவியோடு அமர்ந்திருக்க உங்கள் செபத்தில் அவரை நினைவுகூருங்கள். உங்கள் இல்லங்களையும், இல்லத்தாரின் மறைவான அச்சங்களையும் இறைவன் தம் அருளால் காப்பாராக. அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.